குறுக்கே மடித்த ஓட்டு

6 அக்டோபர் 1996, ஞாயிறு

காலையில் தேர்தல் பயிற்சி வகுப்பு. நகராட்சி மண்டபத்தில் சக ஆசிரியர்களுக்கு நான்தான் பாடம் எடுத்தேன். ஓட்டுச்சீட்டை முதலில் நெடுக்காக மடிக்க வேண்டும், பிறகு குறுக்காக. முதலிலேயே குறுக்கே மடித்தால், காயாத மை இன்னொரு சின்னத்தின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினாலும் ஓட்டு செல்லும். ஒட்டிய முத்திரை கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி இருக்கும். அசல் எது, ஒட்டியது எது என்று பிரித்தறியத்தான் முத்திரையைச் சுழல் அம்பு வடிவத்தில் செய்திருக்கிறார்கள். இத்தனை வருடம் வரலாறு நடத்தியதில் இவ்வளவு அமைதியான வகுப்பு எனக்கு வாய்த்ததில்லை. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

மாலையில் தம்பிதுரையின் கூட்டம். என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், பாக்கு மண்டிக்காரன். எங்கள் வார்டில் குடைச் சின்னத்தில் நிற்கிறான். மேடையேறிச் சொன்னான்: "பவானி ஆறு கூப்பிடு தூரத்துல ஓடுது. தண்ணி நம்ம குழாய்க்கு வர பத்து நாளாகுது. ஏனுன்னு விசாரிச்சேனுங்க. ஊட்டிக்குப் போயிட்டு மலை ரயில்ல திரும்பி வருதாமா!"

கூட்டம் உருண்டு உருண்டு சிரித்தது. என் மனைவி செவ்வந்தி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அது என் நகைச்சுவை. போன மாதம் அவனிடம் சொல்வதற்கு முன், சாப்பிடும்போது அவளிடம்தான் முதலில் சொன்னேன். "சாம்பார் ஆறுதுங்க" என்றாள்.

8 அக்டோபர்

தீபாவளிச் சட்டைக்கு அளவு கொடுக்க கலீல் ரஹ்மான் பாய் கடைக்குப் போனேன். துணி வைக்க இடமில்லை. இந்தப் பக்கம் தம்பிதுரையின் பச்சைக் கொடி, அந்தப் பக்கம் எதிராளி திருமலைசாமியின் மஞ்சள் கொடி, கைக்கடிகாரச் சின்னம் போட்டது. "ரெண்டு பேரும் நம்ம வாடிக்கைங்க சார். செயிக்கறவருக்கு அன்னிக்கே கொடி வேணுமில்லீங்க?" என்றார் பாய். தைத்து, குறுக்கே மடித்து, மறுபடி மடித்து அடுக்கிக்கொண்டே இருந்தார். இந்தத் தேர்தலில் உறுதியாக ஜெயிக்கப்போகிற ஒரே மனிதர்.

12 அக்டோபர், சனி

ஓட்டுப் போட்டேன். குடைக்குத்தான். பொறாமை வேறு, நட்பு வேறு என்பதை எனக்கே நிரூபித்துக்கொண்டேன். ரகசிய வாக்கெடுப்பாகிவிட்டதால் யாரும் பாராட்ட வழியில்லை.

14 அக்டோபர், திங்கள்

ஓட்டு எண்ணிக்கை. சந்தேக ஓட்டு வந்தால் எந்த வார்டானாலும் என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் வார்டில் திருமலைசாமி ஒரே ஓட்டு முன்னால். மிச்சம் இருந்தது ஒரு சீட்டு. குடையில் அழுத்தமாக ஒரு முத்திரை. கைக்கடிகாரத்தில் வெளிறிய இன்னொன்று — திரும்பி இருந்தது. யாரோ குறுக்கே மடித்திருக்கிறார்கள்.

தேர்தல் அதிகாரியான நகராட்சி கமிஷனர் ஊருக்குப் புதியவர். "விதி என்ன சார்? நீங்கதானே க்ளாஸ் எடுத்தீங்க" என்றார்.

மூங்கில் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. தம்பிதுரை மலை ரயிலைச் சொல்லி முடித்திருந்தான். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"ரெண்டு சின்னத்துல முத்திரை இருக்குதுங்க. செல்லாது" என்றேன்.

கமிஷனர் கையெழுத்துப் போட்டார். தம்பிதுரையின் ஏஜென்ட் கத்தினான். தம்பிதுரை அவன் தோளைப் பிடித்து அடக்கினான்: "உடப்பா. சீனிவாசலு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அதையாவது அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

15 அக்டோபர்

நேற்று எழுதியதற்குப் பிறகு நடந்தது. "ஓட்டைத் திருடிட்டாங்க" என்று தம்பிதுரையின் ஆட்கள் தெருத்தெருவாகப் போயிருக்கிறார்கள். பாய் தன் வழக்கப்படி இரண்டு கொடியையும் கடை வாசலில் தயாராகத் தொங்கவிட்டிருந்தார். அவர்கள் கண்ணில் மஞ்சள் மட்டும் பட்டிருக்கிறது. "மின்னாடியே தெரியுமாடா உனக்கு?" என்று கேட்டுக் கொளுத்திவிட்டார்கள். தம்பிதுரை ஓடிவந்து தடுப்பதற்குள் கூரை பிடித்துக்கொண்டது. ஊராரின் தீபாவளித் துணிகளை வெளியே இழுக்கப் பாய் உள்ளே போனார். வலது கை வெந்துவிட்டது. கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார்.

ஊர் முழுக்க விசாரணை. பொறுப்பு தம்பிதுரை என்கிறது போலீஸ், கைது செய்துவிட்டது. தம்பிதுரை பசங்களைச் சொல்கிறானாம், பசங்கள் கமிஷனரைச் சொல்கிறார்கள். கமிஷனர் விதியைச் சொல்கிறார். விதியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது என் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருக்கும்.

16 அக்டோபர்

ஒரு கணக்கு. அந்த ஓட்டு செல்லும் என்று சொல்லியிருந்தால் இருவரும் சமம். சமம் என்றால் குலுக்கல். குலுக்கலில் அவன் தோற்றிருக்கவும் கூடும். ஆகவே நான் செய்தது பாதிப் பாவம்தான். ஏதென்ஸில் பதவிகளைக் குலுக்கிப் போட்டுத்தான் கொடுத்தார்கள். பையன்களுக்கு வருடா வருடம் நடத்துகிறேன்.

பாதிக் கை வெந்தது என்று ஆஸ்பத்திரியில் எழுதுவார்களா?

30 அக்டோபர்

தம்பிதுரை ஜாமீனில் வந்தான். பஸ் நிலையத்தில் மாலையும் மேளமும். தோற்றவனுக்கு, வழக்கில் முதல் குற்றவாளிக்கு, இப்படி ஒரு வரவேற்பு. எனக்கு நல்லாசிரியர் சான்றிதழ்கூடத் தபாலில்தான் வந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். இளைத்திருந்தான். "சீனு, கோர்ட்டுல போட்டு ஓட்டைத் திருப்பி எண்ணச் சொல்லலாங்கறாரு வக்கீலு. நீ சொல்லுடா. அது செல்லாத ஓட்டுதானே? நீ செல்லாதுன்னா நான் போடல. பாய்கிட்டப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு மண்டியப் பாக்கறேன்."

அவன் முதுகுக்குப் பின்னால் ஐம்பது பேர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

"செல்லாது" என்றேன்.

3 நவம்பர், ஞாயிறு

பாயைப் பார்க்கப் போனேன். கட்டுப்போட்ட கை தலையணைமேல் இருந்தது. அவர் மனைவி உம்மல் குல்சும் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

"உங்க சட்டைத் துணி எரிஞ்சுபோச்சுங்க சார். தீவாளிக்குள்ள தாரேன்னு வாக்குக் குடுத்திருந்தேன்" என்றார் பாய். பிறகு குரலைத் தாழ்த்தினார். "யாருகிட்டயும் சொல்லாதீங்க. அந்தச் செல்லாத ஓட்டு எம்படதுங்க."

"உங்களுக்கெப்படித் தெரியும்?"

"குடையில ஒண்ணு, கடியாரத்துல ஒண்ணுன்னு ஊரே பேசுதில்லீங்க. நான் குடையிலதான் குத்தினேன். நாள் பூரா கொடி மடிச்ச கை... அதையும் கொடியாட்டம் குறுக்க மடிச்சுப்போட்டனுங்க. பொட்டியில உழுந்த பொறவுதான் நெனப்பு வந்துச்சு. ஒழுங்கா மடிச்சிருந்தா இத்தனையும் நடந்திருக்காது. எம்பட கடைய நானே எரிச்சுப்போட்டனுங்க சார்."

"தூக்கத்துலயும் இதே பேச்சுங்க" என்றார் குல்சும். "படிச்சவிங்க நீங்க, எடுத்துச் சொல்லுங்க."

படித்தவன் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

வர்ற வழியெல்லாம் பஸ்ஸுல பாய் சொன்னதுதான் காதுல ஓடுச்சு. பாதிப் பாவமா? யாருக்குடா கணக்குக் காட்டுற?

5 நவம்பர்

முதலில் பாயிடம் போனேன். "உங்க ஓட்டு செல்லும். எனக்கு அப்பவே தெரியும். நான்தான் செல்லாதுன்னு சொன்னேன்." திட்டுவார் என்று நினைத்தேன். "செல்லுமுங்களா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். குல்சும் இன்று ஆரஞ்சு கொடுக்கவில்லை.

பிறகு மண்டிக்கு. தம்பிதுரை பாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டான்.

"ஏண்டா?"

"அப்ப நீ மலை ரயிலச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வெச்சிட்டிருந்தே."

இதற்கு மட்டும் அவன் சிரிக்கவில்லை.

வக்கீலிடம் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். நல்ல நடை. ஒரு இடத்தில்கூடத் திருத்தல் இல்லை.

10 நவம்பர், தீபாவளி

பழைய சட்டை. செவ்வந்தி கேட்டாள்: "ஏனுங்க, அந்த ரயிலு சமாச்சாரத்துக்கு நான் அன்னிக்கே சிரிச்சிருந்தா?"

"அப்பவும் அவன் சொன்னாத்தான் நல்லா இருந்திருக்கும்" என்றேன். உண்மை.

24 ஆகஸ்ட் 1997, ஞாயிறு

சம்பள உயர்வை நிறுத்தி என்னை சத்தியமங்கலத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். இரண்டு நாள் விடுப்பில் வந்தேன்.

கோர்ட்டு உத்தரவுப்படி வெள்ளிக்கிழமை எங்கள் வார்டு ஓட்டை மறுபடி எண்ணினார்கள். பாயின் ஓட்டு செல்லும். இருவரும் சமம். குலுக்கிப் போட்டார்கள். திருமலைசாமியின் பெயர் வந்தது. தீ வைத்த வழக்கு தம்பிதுரைமேல் இன்னும் நடக்கிறது.

பாய் தகரம் போட்டுக் கடையைத் திறந்திருக்கிறார். விரல்கள் மடங்குவதில்லை, கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. அவர் அளவு சொல்ல, குல்சும் வெட்டித் தைக்கிறார். அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் பாய் சொல்கிறார்: "எம்பட ஓட்டு செல்லுச்சுங்க. கோர்ட்டே சொல்லிப்போட்டாங்க." நான் அளவு கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

எதிர் பேக்கரியில் டீ குடிக்கப் போனேன். தம்பிதுரை இருந்தான், சுற்றிலும் வழக்கம்போல ஆட்கள். ஒருவன் கேட்டான்: "அண்ணா, ரொம்ப நாளாச்சு. அந்த மலை ரயிலச் சொல்லுங்கண்ணா."

தம்பிதுரை என் பக்கம் பார்த்தான்.

"அது என்னுதில்லப்பா. வாத்தியாரோடது. இங்கதான் இருக்காரு, அவரையே சொல்லச் சொல்லு."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சொன்னேன். இரண்டு பேர் மரியாதைக்குச் சிரித்தார்கள். நான் தலை நிமிர்வதற்குள் அவன் டீ கிளாஸை வைத்துவிட்டுத் தெருவில் இறங்கியிருந்தான்.