முன்பக்கம் வெடிக்கடை

ஜூன் 9, 2025

எதிர்வீட்டுக்கும் ஷட்டர் போட்டாயிற்று. இந்த மெயின்ரோட்டில் வீடு என்று சொல்ல இனி எங்களுடையது ஒன்றுதான். என் வீட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "சிவகாசியே கடையாப் போச்சு, நாம மட்டும் ரோட்டப் பாத்து உக்காந்துருக்கோம்" என்கிறார். பிரஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து உட்கார்ந்திருப்பது இவர் மட்டும்தான். எனக்கு அடுப்படி இருக்கிறது.

ஜூன் 20

வீடு என் பெயரில். அப்பா எழுதி வைத்தது. அதனால் இன்றைக்குத் திடீர் மரியாதை. மல்லிகைப்பூ வந்தது. "சும்மா ஒரு கையெழுத்து, பொன்னுத்தங்கம். முன்பக்கம் மட்டுந்தான். ஒன் அடுப்படிய யாரு கேட்டா?" இவருக்குப் பழக்கமான தங்கப்பாண்டியன் வாடகைக்கு எடுத்து வெடிக்கடை வைக்கப் போகிறாராம். போட்டுக் கொடுத்தேன். பூ நல்ல பூ.

ஜூலை 11

முன்னறைச் சுவரை இடிக்கிறார்கள். சாம்பார் முழுக்கத் தூசி. இவர் வழக்கம்போல "உப்பு கம்மி" என்றார்.

ஜூலை 24

வயிறு எரிகிறது. தங்கப்பாண்டியன் வந்து அடுப்படிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம்தான் சரக்கு அடுக்கப் போகிறார்கள். "மதினி, கோவிச்சுக்கிடாதீக. இனிமே இந்த வீட்டுல நெருப்பே ஆகாது. அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி, எதுவும்."

அவரை என்ன சொல்ல? இந்த ஊரில் பிறந்தவள் நெருப்பு விஷயத்தில் வாதாடுவேனா? இவரைத்தான் பிடித்துக்கொண்டேன். "அடுப்படிய யாரு கேட்டான்னீகளே! வெடிக்கடைக்கு விட்டா அடுப்பு எரியாதுன்னு சிவகாசிக்காரருக்குத் தெரியாதா?"

"நான் முன்பக்கத்தத்தானே யோசிச்சேன்."

அட மனுசா! நான் ஆண்ட எடம்யா அது. இந்த வீட்டில் எனக்கென்று வேறு என்ன இருக்கிறது? அழுதுவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

கடை திறப்பு. குத்துவிளக்கு ஏற்ற என்னைக் கூப்பிட்டார்கள். பேட்டரி விளக்கு. பொத்தானை அமுக்கினேன். கை தட்டினார்கள். சிலிண்டர் கொழுந்தன் வீட்டுக்குப் போயிற்று.

ஆகஸ்ட் 19

சாப்பாடு இரண்டு தெரு தள்ளி அய்யம்மாள் மெஸ்ஸிலிருந்து. மூன்று வேளையும் தூக்குவாளியோடு நடப்பது இவர். கையெழுத்து வாங்கியவர் நடக்கட்டும். இன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை. இவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மறுபடி நடக்க வேண்டும்.

செப்டம்பர் 6

கொல்லையில் சிகரெட் பற்ற வைத்த இவரைத் தங்கப்பாண்டியன் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். "அண்ணாச்சி, எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போகவா பாக்கீக?" கல்யாணமான நாளிலிருந்து நான் கத்தியும் நிற்காத சிகரெட். இப்போது பஸ் ஸ்டாண்டு வரை போய்க் குடித்துவிட்டு வருகிறார்.

செப்டம்பர் 30

மத்தியானம் தூங்கினேன்! யாரும் டீ கேட்கவில்லை. கேட்டாலும் கிடையாது.

அக்டோபர் 20, தீபாவளி

முறுக்கு, அதிரசம் எல்லாம் கடையில் வாங்கியது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. சீக்கிரம் சரியாகிவிட்டது.

நவம்பர் 27

தூக்குவாளியை ணங்கென்று வைத்தார். "சீசன் முடிஞ்சுபோச்சு. கடையக் காலி பண்ணச் சொல்லிருவோம். அடுப்படி இல்லாம நீ படுற கஷ்டத்தப் பாக்க முடியல."

"நானா?"

"கார்த்திகை வேற வருது. வீட்டுல ஒரு விளக்கு ஏத்த வேணாமா?"

கோயிலுக்குப் போனால் வாசலிலேயே செருப்புக்குக் காவல் நிற்கிற மனுசர் இவர்.

நவம்பர் 29

மல்லிகைப்பூ வந்தது. இந்த முறை இரண்டு முழம். கூடவே ஒரு தாளும் பேனாவும். "சும்மா ஒரு கையெழுத்து..."

பூவை வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 3, கார்த்திகை

கோயிலில் விளக்கேற்றினேன். திரும்பும் வழியில் தங்கப்பாண்டியனைப் பார்த்து, அடுத்த வருசத்துக்கும் கடையை எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் தட்டு வைத்து, வாளியைத் திறந்து, சாம்பாரை ஊற்றினார்.

ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தேன்.

"உப்பு கம்மி" என்றேன்.