சவரியப்பன் விழுங்கிய மாத்திரை

மார்ச் 4, 2025
பெங்களூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன். புது மருந்து ஆராய்ச்சி முடிந்து, யாருக்கு எந்த மாத்திரை என்று இப்போதுதான் பிரித்துப் பார்த்தார்களாம். என் வீட்டுக்காரர் பத்து மாதம் சாப்பிட்ட மாத்திரையில் மருந்தே இல்லையாம். பிளாசிபோவாம். பாதிப் பேருக்கு அப்படித்தான், கையெழுத்து வாங்கும்போதே சொன்னோமே என்றார்கள். சொன்னார்கள்தான். நமக்கு நிஜ மருந்துதான் வரும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவரைக் கையெழுத்துப் போடவைத்ததும் நான்தான்.
அவர் போய்ப் பதினெட்டு நாள்.

மார்ச் 5
கம்பெனிக்குப் போனேன். கீறல் விழுந்த மூன்று பீஸை ஓகே பெட்டியில் போட்டுவிட்டேன். பக்கத்து மேஜை முனிலட்சுமி பார்த்து எடுத்து, ரிஜெக்ட் பெட்டியில் போட்டாள்.

மார்ச் 7
பிளாசிபோ என்ற அந்த வார்த்தை மண்டையைக் குடைகிறது. தம்பி இன்னாசியிடம் கேட்டேன். சாமியாராகப் படிக்க இரண்டு வருஷம் குருமடத்தில் இருந்துவிட்டு ஓடிவந்து, இப்போது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். லத்தீன் என்றான். ‘நான் பிரியமாய் நடப்பேன்’ என்று அர்த்தமாம். இறந்தவர்களுக்கான பழைய மாலை செபம் இந்தச் சொல்லில்தான் தொடங்குமாம். உயிரோடிருப்பவர்களின் நாட்டில் ஆண்டவருக்குப் பிரியமாய் நடப்பேன் என்ற திருப்பாடல் வரி. பிறகு சாப்பாட்டுக்காகத் துக்க வீட்டில் வந்து பாடுகிறவனையும் அப்படிச் சொன்னார்களாம். கடைசியில் நோயாளியின் மனசு குளிரக் கொடுக்கும் வெறும் மாத்திரைக்கு அந்தப் பேர் வந்ததாம்.
சாவு செபத்தையா தினம் இரண்டு வேளை வெந்நீரோடு கொடுத்தேன்? என் கையாலயா?

மார்ச் 9, ஞாயிறு
பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம். அங்கே வைத்து இன்னாசி சொன்னான். அது வெறும் மாத்திரை என்று அவருக்கு நாலாம் மாதமே தெரியுமாம்.
அதே ஆராய்ச்சியில் கூடவே மாத்திரை சாப்பிட்ட வேப்பனப்பள்ளிக்காரருக்கு ஓயாத வாந்தி. இவருக்கு ஒன்றுமே இல்லை. இருபது வருஷம் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இரண்டு லாட் சரக்கை ஒப்பிட்டே சம்பளம் வாங்கிய மனுஷன், இதைக் கண்டுபிடிக்க மாட்டாரா?
“எனக்கு வெறும் மாவுதான் மச்சான். உங்க அக்காகிட்ட சொல்லிராத. மாத்திரைய நீட்டுறப்ப அவ மொகத்தப் பாத்தா எனக்கு வாய் வரல” என்றாராம் இன்னாசியிடம்.
அதற்குப் பிறகும் ஆறு மாதம் விழுங்கினார். தண்ணீரே இறங்காத நாளிலும். கனத்துக் கிடந்த கை இப்போது லேசாக இருக்கிறது என்பார். நானும் ஆமாம், நேற்றைக்கு இன்று தேவலை என்பேன். தேவலை இல்லை என்று எனக்கு மட்டும் தெரியாதா?

மார்ச் 10
கம்பெனிக்குப் போகவில்லை. சமைக்கவில்லை.

மார்ச் 16
முப்பதாம் நாள் பூசை. கடைசி வரை அவரைத் தைரியமாக வைத்திருந்தாய் என்று வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். தலையாட்டினேன்.
எல்லாரும் போன பிறகு அவர் போட்டோ முன்னால் நின்று சண்டை போட்டேன். எங்கிட்ட சொல்லியிருக்கலாமேய்யா. நானாவது கேட்டிருக்கலாம். ஒரே ஒரு நாள், ரெண்டு பேரும் சேந்து உக்காந்து அழுதிருப்பமே.