நாலாவது அமர்வுக்கு யார் வர வேண்டும்

மதினி,

காலையில் அச்சகத்திலிருந்து தாள் வந்தது. நம் சங்கத்துப் பெண் விவசாயிகள் மாநாட்டின் நிகழ்ச்சி நிரல். பிழை பார்த்துச் சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். மை விரலில் ஒட்டியது. போன வருசத் தாளை அப்படியே வைத்து அடித்திருக்கிறார்கள். நாலாவது அமர்வுக்கு நேரே உங்கள் பெயர் இருக்கிறது. நீங்கள் போய் நாற்பத்தோரு நாள் ஆகிறது.

பார்த்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு உளுந்து புடைத்தேன்.

இந்த நிரலை எழுதுவது எப்போதும் நீங்கள்தான். எழுதிவிட்டு என்னிடம் வாசிப்பீர்கள். "நீ அஞ்சாப்பு. ஒனக்கு வெளங்குனா எல்லாருக்கும் வெளங்கும்" என்பீர்கள். எனக்குக் கோபம் வரும். ஒருமுறை, படித்தவர் ஒருவர் அனுப்பிய "வேளாண்மையில் பெண்களின் பங்களிப்பு" என்பதை வாசித்துவிட்டுக் கேட்டீர்கள்.

"இதுக்கு ஒரு நாள் வேலைய விட்டுட்டு வருவியாட்டி?"

"மாட்டேன்."

"அப்ப கோடு போடு."

யார் வரணும், என்ன கொண்டாரணும், என்ன தெரிஞ்சுக்கிட்டுப் போவாங்க, எத்தனை மணிக்கு விடும். இது இல்லாமல் ஒன்றும் அச்சுக்குப் போகாது.

உங்களுக்கும் ஒரு தடவை தப்பியது. மண் பரிசோதனைக்கு "வயல் மண் கொண்டுவரவும்" என்று எழுதினீர்கள்; எவ்வளவு என்று எழுதவில்லை. கழுகுமலைக்காரி ஒருத்தி அரைச் சாக்குக் கரிசல் மண்ணோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். "லக்கேஜ் டிக்கெட்டு போட்டுட்டான் யக்கா. இது போதுமா, இன்னும் வேணுமா?" மண்டபமே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. "தப்பு எம்மேல" என்று சாக்கின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினீர்கள்.

இந்தத் தடவை நாலாவது அமர்வை உங்களுக்கு அஞ்சலியாக வைக்கலாம் என்று சங்கத்தில் சொன்னார்கள். அது நீங்கள் வருசா வருசம் நடத்திய பட்டா மாற்றும் அமர்வு. புருசன் செத்து, நிலம் அவன் பெயரிலேயே கிடக்க, ஆபீசுக்குப் போகப் பயப்படுகிற பெண்கள் அதற்குத்தான் வருவார்கள். அஞ்சலி என்று போட்டால் வர மாட்டார்கள். வந்தாலும் வெறுங்கையோடு போவார்கள்.

மத்தியானம் உட்கார்ந்து, உங்கள் பெயர் மேல் கோடு போட்டேன். பக்கத்தில் என் பெயரை எழுதினேன். நாலு வருசம் உங்கள் கூட இருந்து தாள் அடுக்கிக் கொடுத்தவள்தானே. அதற்குக் கீழே எழுதினேன்:

"நிலம் இறந்தவர் பெயரில் இருக்கிறதா? மாற்றுவதற்கு என்ன செய்யணும் என்று சொல்லித் தருவோம். புருசனை இழந்த பெண்கள் வரவும். பட்டா நகல், இறப்புச் சான்று, ஆதார் கொண்டுவரவும். ஏதாவது இல்லாவிட்டாலும் வாருங்கள். நாலு மணிக்கு முடியும்."

வாசித்துக் காட்ட ஆள் வேண்டுமே. அழுகை இன்னும் வரவில்லை மதினி, இந்தப் பழக்கம் மட்டும் என்னோடு இருக்கிறது. வீட்டில் அண்ணன்தான் இருந்தார். நீங்கள் போனதிலிருந்து அவருக்கு நான்தான் சமைக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"வெளங்குதாண்ணே?"

"வெளங்குது." கண்ணைத் திறந்தார். பிறகு, "ஏட்டி, பொண்டாட்டி பேர்ல நெலம் இருந்தா எங்கன போவணும்?"

"புருசனை இழந்த பெண்கள் வரவும்" என்பதை அடித்தேன். "வீட்டில் ஒருவரை இழந்த யாரும் வரலாம்" என்று எழுதினேன். அதையும் வாசித்தேன். அண்ணன் எழுந்து போய் பீரோவைத் திறந்து, உங்கள் பெயரில் இருக்கிற புஞ்சையின் பட்டாவைத் தேட ஆரம்பித்தார்.

நான் அச்சகத்துக்குக் கிளம்பினேன்.