கன்னியர் இல்லத்து அறை

என் அத்தைக்கு,

சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். வாட்ஸப் அனுப்பினால் பார்க்க மாட்டீர்கள். அதனால் இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

அந்த வீடியோ போட்டது நான்தான். ரப்பர் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கான்வென்ட் பள்ளியில் டீச்சராகி, ஹெட்மிஸ்ட்ரஸும் ஆன என் அத்தை! பெருமை தாங்கவில்லை. 'கல்யாணமே வேண்டாம்னு பள்ளிக்கூடத்துக்காகவே வாழ்ந்தவங்க' என்று நானாகச் சேர்த்துவிட்டேன். உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாம் கன்னியாஸ்திரிகள். அதனால் ஈப்போவில் பாதிப் பேர் உங்களையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீங்களும் திருத்தியதில்லை.

லூயிஸ் அங்கிளைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதைப் போன வாரம்தான் என்னிடம் சொன்னீர்கள். அதற்குள் வீடியோ ஊரெல்லாம் போய்விட்டது.

இன்று உங்கள் பணி ஓய்வுப் பிரிவு விருந்தில் அதைத் திரையில் ஓட்டிவிட்டு, கன்னியர் இல்லத்தில் உங்களுக்கென்று ஒதுக்கிய அறையின் சாவியைக் கொடுத்தார்கள். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். அடுத்த மாதக் கல்யாணத்துக்காகத் தைப்பிங்கில் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கும் அந்த மனிதரும் கடைசி வரிசையில் நின்று தட்டினார். வாசலில் உங்களைப் பார்த்து, "ரூம் கெடைச்சிருச்சு, வாழ்த்துகள் சிஸ்டர்" என்றார். மேரி என்றுதானே கூப்பிடுவார்?

காரில் கேட்டேன்.

"சொல்லிடலாம்ல அத்தை?"

"எப்படி சொல்றது லா? அதான் எல்லாரும் கைதட்டிட்டாங்களே."

சாவி என்னிடம் இருக்கிறது. காலையில் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். ஏன் என்று கேட்டால் கல்யாணத்தையும் சொல்லிவிடுவேன். வேண்டாம் என்றால், கதவைத் திறந்து வந்து என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் முதல் ரசிகை