வசவு வாங்கும் வேலை

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. நீ நலம் என்று போனில் சொன்னதை நான் நம்பவில்லை. காப்பீட்டு மனுக்களைச் சரிபார்க்கிற உன் வேலையைச் செயற்கை நுண்ணறிவுக்கு நீயே சொல்லிக்கொடுக்க வேண்டுமாம், அதற்குப் பிறகு உன்னை வைத்துக்கொள்வார்களோ அனுப்பிவிடுவார்களோ என்று தம்பியிடம் அழுதாயாமே. அவன் வாயில் எதுவும் நிற்காது என்று உனக்குத் தெரியாதா.

அழாதே, என் கதையைக் கேள், மனசு ஆறும். வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் போனை எடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. கோபத்தில் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் மேனேஜரைத்தான் கேட்பார்கள். "சார் மீட்டிங்ல இருக்கார்" என்பேன், அவர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கடலை கொறித்துக்கொண்டிருப்பார். அதனால்தான் அவருக்கு மீட்டிங் என்றே பெயர் வைத்தோம். அவருக்கு விழ வேண்டிய வசவையெல்லாம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எனக்குப் பதிலாகப் போன் எடுக்கப்போகிற இயந்திரத்துக்கு என்னையே பாடம் சொல்ல வைத்து, முடிந்த மறுநாளே வீட்டுக்கு அனுப்பியதும் அந்த ஆள்தான். என் நாற்காலி மெத்தையைக்கூட கம்பெனிச் சொத்து என்று பிடுங்கி வைத்துக்கொண்டார், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பாடம் ஆரம்பிக்கும்போது அவர் சொன்னது, "உங்க சொந்தச் சரக்கெல்லாம் வேணாம்மா, விதிப் புத்தகத்துல இருக்கறத மட்டும் சொல்லிக்குடுங்க." அப்படியே செய்தேன். வாடிக்கையாளர் இரண்டு தடவை மேனேஜரைக் கேட்டால் லைனை அவருக்குக் கொடுக்க வேண்டும், இது புத்தகத்தில் இருக்கிறது. மீட்டிங் என்ற பொய் புத்தகத்தில் இல்லை. இப்போது நின்றுபோன வாஷிங் மெஷின் ஒவ்வொன்றுக்கும் வசவு நேராக அவர் காதில் விழுகிறது. அந்த விதியை மாற்றக் காரணம் கேட்பார்கள், இத்தனை வருடம் தான் போனையே எடுத்ததில்லை என்று தலைமை அலுவலகத்துக்கு அவரே எழுதித்தர வேண்டும். மனிதர் கடலையை விட்டு மாத்திரைக்கு வந்துவிட்டாராம். பாவம் என்கிறார் அப்பா. எனக்கு ஒரு வாய் சோறு கூடவே இறங்குகிறது.

அதனால் நீயும் சொல்லிக்கொடு, உன் வேலையில் எதையும் ஒளிக்காதே, மாட்டிக்கொள்வாய். ஆனால் உன் மேலதிகாரி செய்யாமல் விட்டதையெல்லாம் நீ செய்து மூடினாயே, அது உன் வேலையே இல்லை, அதைச் சொல்லித்தராதே. இயந்திரம் ஒரு நோயாளியின் மனுவைத் தப்பாகத் தள்ளினால் யார் பதில் சொல்வது என்று எழுத்தில் கேள். அதற்குக் கையெழுத்துப் போட எவனும் முன்வர மாட்டான், அந்த நாற்காலியில் நீ உட்காரப் பார். வேறு வேலையும் இன்றைக்கே தேட ஆரம்பி. அவர்கள் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்துதான் நான் ஏமாந்தேன்.

நேற்று மீட்டிங் போன் செய்து, "அம்மாவ எப்படியாவது திரும்பி வரச் சொல்லுங்க" என்று அப்பாவிடம் கெஞ்சினார். நான் எதிரில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பா என்ன சொன்னார் என்று நீயே ஊகித்துக்கொள்.

யாருக்கும் தலைகுனியாமல் நீண்ட நாள் நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. இனி அழுவதென்றால் என்னிடம் அழு, தம்பியிடம் வேண்டாம்.

இப்படிக்கு,
மீட்டிங்கில் இருக்கும் உன் அம்மா