நிறுத்தாமல் போன கடற்கரை

லாங்கன்தால்
09.11.2014

அன்பின் சுகந்திக்கு,

நீரும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னைக் கேட்டால், இருக்கிறேன்.

"அக்‌ஷயாவைப் பாத்திட்டு ஞாயிறு வந்திடுவன்" என்றுதான் வின்டர்தூருக்குப் போனீர். இரண்டு ஞாயிறு போய்விட்டது. போன் எடுக்கிறீர் இல்லை. படிக்கிற பிள்ளையின் ஒற்றை அறையில் எத்தனை நாளைக்கு நிலத்தில் படுப்பீர்? உமக்கு முதுகு வலி.

நேற்று மீன் குழம்பு வைத்தேன். குழம்பைச் சொல்லாமல் விடுகிறேன், சட்டியையும் எறிந்துவிட்டேன். யானைக்கும் அடி சறுக்கும்.

மால்ட்டாவில் நல்லாத்தானே இருந்தோம். வாடகைக் கார் எடுத்தோம், தீவு முழுக்கச் சுற்றினோம். அங்கே எங்கள் ஊரைப் போல இடப்பக்கம் ஓடுவதைக் கண்டு அக்‌ஷயா ஒவ்வொரு வளைவிலும் கத்தினாள். நீரும் சிரித்தீர். ஒரு கடற்கரையில் காரை நிறுத்தாமல் போனதற்கா இவ்வளவு கோபம்?

வாரும் சுகந்தி. வீடு வீடாக இல்லை.

அன்புடன்,
இரவீந்திரன்


வின்டர்தூர்
20.11.2014

அன்புள்ள அக்‌ஷயாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அந்தச் சட்டி என் அம்மா தந்து விட்டது. பரவாயில்லை.

ஒரு கடற்கரை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று அமாவாசை. காலையில் விடுதியிலேயே உங்களுக்குச் சொன்னேன், கைப்பையில் எள்ளு வைத்திருக்கிறேன் என்று. என் தம்பி சிறீதரன் முள்ளிவாய்க்காலில் இல்லாமல் போய் ஐந்து வருடமும் கழிந்துவிட்டது. உடம்பும் இல்லை, திகதியும் இல்லை. திகதி தெரியாவிட்டால் அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கலாம் என்று கோயில் ஐயர் சொன்னார். அவன் கடைசியாக நின்றது கடற்கரையில். இந்த நாட்டில் மலை இருக்கிறது, ஏரி இருக்கிறது, கடல் இல்லை. அதற்குத்தான் மால்ட்டாவுக்குப் போவோம் என்று பிடிவாதமாய் நின்றேன். ஊர் பார்க்க இல்லை.

கண் வரைந்த படகுகள் நின்ற அந்தச் சின்னக் கடற்கரையில் நிறுத்தச் சொன்னேன். "ஆறு மணிக்குக் கார் குடுக்கவேணும். திரும்பி வரேக்க நிப்பாட்டுவம்" என்றீர்கள். திரும்பி வந்தது வேறு பாதை. கடலே தெரியாத பாதை. பின்னுக்கிருந்து பிள்ளை "அப்பா, அம்மா அழுறா" என்றாள். நீங்கள் ரேடியோச் சத்தத்தைக் கூட்டினீர்கள்.

ஐந்து வருடமாக அவன் படத்துக்கு ஒரு மாலை போட விடவில்லை நீங்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? என்னால் இனி அப்படி அந்த வீட்டில் இருக்க முடியாது. அந்தக் கடலுக்குப் போய், அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தால் நான் வருகிறேன். அதற்கு முதல் இல்லை.

மருந்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம்.

உங்கள்,
சுகந்தி


லாங்கன்தால்
18.01.2015

அன்பின் சுகந்திக்கு,

பொங்கலுக்கு நான் பொங்கவில்லை. அக்‌ஷயா வந்து, நீர் கொடுத்துவிட்ட மோதகத்தை வைத்துவிட்டுப் போனாள். கண்ணீரோடு சாப்பிட்டேன். இனி மறைத்து என்ன.

கார் ஆறு மணிக்குக் கொடுக்க வேண்டும் என்றது வெறும் சாட்டு. வேறு பாதையை நான்தான் தேடிப் பிடித்தேன்.

உமக்கு அவன் தம்பி. எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்து படித்தவன். "என்ர அக்காவைக் கட்டுறியா, இல்லை என்னட்ட அடி வாங்கிறியா?" என்று கேட்டவன். 2009 சித்திரையில் கடைசியாகக் கதைத்தபோது, "மச்சான், செல் வந்து விழுது, பிறகு எடுக்கிறன்" என்று வைத்தான். நான் இன்னும் அதே நம்பரை வைத்திருக்கிறேன். கொம்பனியில் வேலை நேரத்தில் போன் கூடாது என்று இரண்டு தரம் எச்சரிக்கை தந்தார்கள். அப்போதும் போனை நிற்பாட்டி வைக்கவில்லை.

அந்த எள்ளைத் தண்ணீரில் விட்டால் அவன் செத்துவிடுவான் சுகந்தி. என் கையால் அவனைச் சாகவிடச் சொல்கிறீர். எனக்குக் கொஞ்சம் நேரம் தாரும்.

அன்புடன்,
இரவீந்திரன்


மால்ட்டா
18.05.2015

அன்பின் சுகந்திக்கு,

இதை அந்தக் கடற்கரையில், காருக்குள் இருந்து எழுதுகிறேன். படகுகள் அப்படியே நிற்கின்றன.

இந்த வருடம் முள்ளிவாய்க்கால் முடிந்த மே பதினெட்டும் அமாவாசையும் சேர்ந்து வந்ததைக் கலண்டரில் கண்டபோது, இனி ஒளிய இடமில்லை என்று விளங்கியது. உமக்குச் சொல்லத்தான் நினைத்தேன். பிறகு, இது ஆம்பிளைகள் செய்கிற காரியம், உம்மை ஏன் வதைக்க என்று தனியே வந்தேன்.

விடிய, முழங்காலளவு தண்ணீரில் நின்று அவன் பெயரைச் சொன்னேன். மூன்று தரம் இறைத்தேன். எள்ளு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. வாய்விட்டு அழுதேன். ஆனால் முடித்துவிட்டேன் சுகந்தி. அவன் போய்விட்டான். இனி போன் வராது.

வீட்டில் அவன் படத்துக்கு மாலை போடுவோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் லாங்கன்தால் ஸ்டேசனில் நிற்பேன். வாரும்.

உம்முடைய,
இரவி


வின்டர்தூர்
27.05.2015

அன்புள்ள அக்‌ஷயாவின் அப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை நீங்கள் கடைசி ரயில் வரைக்கும் நின்றதாக அக்‌ஷயா சொன்னாள். மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் அதற்கு முதல் நாளே வந்துவிட்டது. வாசித்தேன், ஆனால் எழும்ப முடியவில்லை.

நீங்கள் அழுதீர்கள் என்று வாசித்தபோது என் நெஞ்சு உங்களுக்காகப் பதறியது. அது உண்மை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

எங்கள் அப்பா செத்தபோது ஆம்பிளைகள் பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பொம்பிளைகளை வாசல் படலையோடு மறித்துவிட்டார்கள். சிறீதரன் கொள்ளிக்குடத்தோடு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். மொட்டையடித்துக்கொண்டு வந்தவனிடம், "அப்பாவை அங்க என்னடா செய்தனீங்கள்?" என்று கேட்டேன். அவன் கிணற்றடிக்குப் போய்விட்டான். அன்றைக்கு எனக்குப் பதினேழு வயது. இவனுக்காவது பக்கத்தில் நிற்பேன், மால்ட்டாவில் என்னை மறிக்க ஆர் இருக்கினம் என்று நினைத்தேன்.

நீங்கள் இரண்டு தரம் அந்தத் தீவில் கார் எடுத்தீர்கள். முதல் தரம் நான் காரில் இருந்தேன், நிறுத்தவில்லை. இரண்டாம் தரம் நிறுத்தினீர்கள், நான் இல்லை.

இங்கே இரண்டு அறை வீடு ஒன்று பார்த்திருக்கிறேன். ஆனி முதலாம் திகதியிலிருந்து அங்கே இருப்பேன். உங்கள் மாரிகால உடுப்புகள் லாங்கன்தால் வீட்டு மேல் அலுமாரியில் இருக்கின்றன. அக்‌ஷயா ஞாயிறுகளில் உங்களிடம் வருவாள், அவளோடு சந்தோஷமாக இருங்கள்.

அவன் என் கூடப் பிறந்தவன். அவனை அனுப்பி வைத்த அன்று நான் வின்டர்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நிலம் துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்குத் தெரியவே தெரியாது.

சுகந்தி