இரண்டாவது இமைப்பு

மார்ச் 3

மருந்துக் கடை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் "லேட்டு" என்று ஒரு வசவு விழும். என் வீட்டுக்காரருக்காகக் கணினி போடுகிற வசவு. இன்று விழவில்லை. திரை கறுப்பாகக் கிடந்தது. அவர் கண் மட்டும் என்னைப் பார்த்தது.

ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டு அடங்கிவிட்டதாம். "நான் எதையும் தொடல அண்ணி" என்றாள் நாத்தனார். பகலில் அண்ணனுக்குத் துணையாக அவள்தான் இருக்கிறாள். தொட்டாய் என்று யார் சொன்னது?

இந்த நோய் காலில் தொடங்கி, கைக்கு வந்து, நாக்கையும் வாரிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இமைகளும் வலது கட்டைவிரலும். அந்த விரல் அசைவது என் கண்ணுக்கே தெரியாது. அவருடைய நண்பர் செய்து கொடுத்த பொத்தானுக்குத் தெரியும். திரையில் எழுத்துகள் ஓடும். வேண்டிய எழுத்தில் விரலை அசைத்தால் நிற்கும். சேர்ந்ததைக் கணினி வாசிக்கும். அப்படித்தான் இந்த வீட்டில் இதுவரை சண்டை போட்டோம்.

மார்ச் 4

ஒருமுறை இமைத்தால் ஆமாம். இரண்டு முறை என்றால் இல்லை. இதற்குமேல் பேச்சு கிடையாது. எழுத்துகளை ஒவ்வொன்றாக நான் சொல்ல, அவர் இமைத்துக் காட்டலாம்தான். தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்து! "அ"வில் ஆரம்பித்து "த"வுக்கு வருவதற்குள் களைத்துத் தூங்கிவிட்டார். அவர் கேட்க வந்தது தலையணையா, தண்ணீரா, தெரியவில்லை.

நண்பரிடம் போனில் பேசினேன். கடல் தாண்டி இருக்கிறார், அடுத்த மாதம்தான் வர முடியுமாம். "புது டிஸ்க் வாங்கிப் போடு தங்கச்சி. ஆப்பரேட்டிங் சிஸ்டம் இலவசமா இறக்கிக்கலாம். ஆனா கெர்னல நாமளேதான் கட்டணும்."

கெர்னல் என்பது எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்து ஒவ்வொரு கருவியோடும் பேசுகிற பகுதியாம். எல்லோருக்கும் பொதுவாக வருகிற கெர்னல் நம் பொத்தானைப் பார்த்தால் வேறு ஏதோ கருவி என்று நினைத்துக்கொள்கிறது. அப்படி நினைக்க வைக்கிற டிரைவர் என்ற குட்டி நிரலை வேண்டாம் என்று சொல்லி, நண்பர் எழுதியதை உள்ளே சேர்த்துக் கட்ட வேண்டும்.

"எனக்கு மாத்திரைப் பேர் படிக்கத்தான் தெரியும்ணே."

"அது போதும். அது கேள்வி கேக்கும், வேணுமா வேண்டாமான்னு. நீ படி. பதில் அவன் சொல்லுவான்."

மார்ச் 6

கடைக்கு லீவு. கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

எத்தனை கேள்வி! கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை இப்படிக் கேட்கவில்லை. நான் படிப்பேன், புரியாது. பெரும்பாலும் எண்டர் தட்டினால் போதும். அவர் கண்ணை மேலே உயர்த்தினால் நிறுத்த வேண்டும். "வேணுமா?" என்பேன். இமைப்பார். உடனே திரைப் பக்கம் திரும்பி y அல்லது n தட்டுவேன். நடுவில் m என்றும் ஒன்று உண்டு. இப்போது உள்ளே வேண்டாம், தேவைப்படும்போது கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அர்த்தமாம். நல்ல வசதி.

மத்தியானம் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. நான் உளறி உளறிப் படித்ததற்கு அவர் கண் சிரித்தது. பல வருஷம் அவருக்குச் சோறு போட்ட கணினி வேலை, அதில் முதல்முறையாக நானும் கூட.

சாயங்காலம் எரிச்சலாகிவிட்டது. நான் ஒரு பதிலைத் தட்டி அடுத்ததற்குப் போனபிறகும் கண்ணை மேலே மேலே உயர்த்தினார். இந்த முறையில் பின்னால் போக வழி கிடையாது. "சும்மா இருங்க, முதுகு விட்டுப்போச்சு" என்று கத்தினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

மார்ச் 7

டாக்டர் வீட்டுக்கே வந்தார். நெஞ்சில் வைத்துக் கேட்டார், விரலில் மாட்டிப் பார்த்தார். மூச்சுத் தசைகளும் விட்டுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டனவாம்.

அவரிடமே நேராகப் பேசினார். நல்ல டாக்டர் அம்மா. "கழுத்துல சின்னதா துளை போட்டுக் குழாய் வெப்போம். அப்புறம் மெஷின் உங்களுக்காக மூச்சு விடும். வெச்சுட்டா திரும்ப எடுக்கறது லேசு இல்ல. வேணாம்னாலும் நாங்க விட்டுட மாட்டோம், கஷ்டம் தெரியாம பாத்துக்குவோம். குழாய் வேணுமா?"

இமைத்தார்.

"அண்ணன் ஆமான்னுட்டாரு!" நாத்தனார் ஓவென்று அழுதாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். டாக்டர் எங்கள் இருவரையும் தட்டிக்கொடுத்தார். பதினெட்டாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

எவ்வளவு பயந்திருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது. இருப்பார். போதும்.

மார்ச் 9

கெர்னல் கட்டி முடிந்தது. கிழட்டு இயந்திரம், ஒரு முழுப் பகல் எடுத்துக்கொண்டது. திரை வந்தது. எழுத்துகள் ஓடின. பொத்தானை அவர் விரலடியில் வைத்தேன்.

ஒன்றும் இல்லை.

நான் என் விரலால் அழுத்தினேன். அப்போதும் இல்லை.

மார்ச் 10

திரையில் வந்த வரிகளைப் படம் எடுத்து நண்பருக்கு அனுப்பினேன். "வேண்டாம்னு சொன்ன டிரைவர் உள்ள இருக்கே தங்கச்சி. அதுதான் பொத்தானப் பிடிச்சு வெச்சிருக்கு. அவனுக்கு நல்லாத் தெரியும், வேணும்னு சொல்லியிருக்க மாட்டானே."

சொன்னாரே! நானா கற்பனை செய்தேன்? கோபம் தலைக்கு ஏறியது. நேரே கட்டிலுக்குப் போனேன். "இந்த டிரைவர் வேணுமா? சொல்லுங்க."

இமைத்தார். ஒருமுறை.

"பாத்தீங்களா, வேணும்னு நீங்கதான் சொல்றீங்க." இடுப்பில் கை வைத்துக்கொண்டு முறைத்தேன். தட்டுவதற்கு எதுவும் இல்லாததால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு இமை நடுங்கியது. கனமான எதையோ தூக்குகிற மாதிரி. இரண்டாவது முறை மூடியது.

திரும்பக் கேட்டேன். திரும்ப அப்படியே. இரண்டாவது வருகிறது. தாமதமாக வருகிறது. அதற்குள் நான் திரைப் பக்கம் திரும்பிவிட்டிருக்கிறேன்.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் டாக்டர் ஞாபகம் வந்தது.

அன்று அவர் இமைத்ததும் நாத்தனார் அழுதாள். நாங்கள் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினோம். அதற்குப் பிறகு அவர் முகத்தை யார் பார்த்தோம்?

மார்ச் 11

கேட்கவில்லை.

மார்ச் 12

கேட்டால் ஒரு நிமிஷ வேலை. குழாய் வேணுமா என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக நிற்க வேண்டும். அவ்வளவுதானே? இந்த வாய்க்கு இன்றைக்கு என்ன வந்தது?

நண்பர் இரண்டு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

மார்ச் 13

கடையில் ஸ்டாக் எடுக்கிறோம், அதனால் கெர்னலைத் திரும்பக் கட்ட நேரமில்லை என்று நாத்தனாரிடம் சொன்னேன். அவளுக்கு அவசரமில்லை. "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம் பாத்துக்கலாம் அண்ணி, குழாய் வெச்சுட்டா அண்ணன் எங்க போயிடப் போறாரு." நான் போடுகிறதும் அதே கணக்குத்தான். பதினெட்டாம் தேதிவரை தள்ளிவிட்டால் அப்புறம் அவர் என்ன சொன்னாலும் இருப்பார். பேச முடியாமல், திட்ட முடியாமல், ஆனால் இருப்பார். காலையில் துடைத்துவிட ஒரு முகம் இருக்கும்.

இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். சீ.

அவர் நாள் முழுக்க அந்தக் கறுப்புத் திரையையே பார்க்கிறார். என்னைப் பார்ப்பதில்லை.

மார்ச் 15

கெர்னலைத் திரும்பக் கட்ட முதல் கேள்வியிலிருந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு பதிலுக்கும் முகத்தைப் பார்த்தேன். இமைத்தால் கையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருந்தேன். அந்த டிரைவர் வந்தது. ஒன்று. காத்திருந்தேன். இரண்டு. n தட்டினேன். அவர் கண்ணோரம் ஈரம். எனக்கும்தான்.

மார்ச் 16

பொத்தான் வேலை செய்கிறது.

எழுத்து எழுத்தாக வந்தது. அவர் சொன்ன முதல் விஷயம்: "ஏன் இத்தனை நாள்".

"கடைல ஸ்டாக்" என்றேன்.

எழுத்துகள் வெகுநேரம் ஓடி நின்றன. "பொய்".

அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை. நான் அங்கே நிற்கும்போதே உள்ளேயிருந்து அந்த இரும்புக் குரல் கேட்டது. "குழாய் வேண்டாம். அன்றே சொன்னேன்."

மார்ச் 17

நாத்தனார் கொதித்துப்போனாள். "யார் கண்டா? இந்த மெஷின்ல நீங்களே தட்டி வெச்சிருப்பீங்க. பாத்துப் பாத்து உங்களுக்கு அலுத்துப்போச்சு."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டாக்டரை வரச் சொன்னேன். கணினியை அணைத்தேன். "அன்னிக்குக் கேட்ட மாதிரியே கேளுங்க டாக்டர். கேட்டுட்டுப் பொறுங்க. யாரும் திரும்பாதீங்க" என்றேன்.

கேட்டார். அவர் ஒருமுறை இமைத்தார். நாத்தனாரின் கை என் கையைப் பிடித்தது. எனக்குள் ஏதோ ஒரு பிசாசு, இதோடு நிற்கட்டும், இதோடு நிற்கட்டும் என்று கெஞ்சியது. உண்மையை எழுதுகிறேன்.

இரண்டாவது வந்தது.

டாக்டர் மறுபடி கேட்டார். மறுபடி இரண்டு. நாத்தனார் கையை உதறிவிட்டு வெளியே போனாள்.

மார்ச் 20

அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பக்கத்தில் போய் உட்காருவேன். "மூக்கு அரிக்குதா?" என்று கேட்பேன். "போர்வை இழுத்து விடவா?" அவரும் "ம்" என்று தட்டுவார்.

நாத்தனார் திரும்பி வந்துவிட்டாள். எனக்கு எதிரே உட்கார்ந்து காப்பி குடித்தாள்.

மார்ச் 22

கட்டைவிரலும் நின்றுவிட்டது. எழுத்துகள் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. கணினியை அணைத்துவிட்டேன்.

மார்ச் 25

நேற்றுக் காலை டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போனார். மூச்சு விட்டு விட்டு வந்தது, ஆனால் முகத்தில் வேதனை இல்லை. நாத்தனார் துணி உலர்த்தப் போயிருந்தாள். வாசற்கதவு திறந்திருந்தது, தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"நான்தான் தள்ளிப்போட்டேன்" என்றேன். "நீங்க பேசிடக் கூடாதுன்னுதான் கட்டாம விட்டேன். என் மேல கோபமா?"

என்னையே பார்த்தார். ஒருமுறை இமைத்தார்.

நான் அவசரப்படவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைப் பார்த்தேன். இப்போதெல்லாம் இரண்டாவது இன்னும் தாமதம். இமை பாதி மூடியபடி நின்றிருந்தது. வரும் என்று இருந்தேன்.

துணிக்கூடையோடு உள்ளே வந்த நாத்தனார் அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்து, அண்ணி, அண்ணி என்று என் தோளை உலுக்கினாள். "கொஞ்சம் பொறு" என்று அவளிடம் சொன்னேன்.